அத்தியாயம் 6: முதலில் மலை, பிறகு குதிரை – கணினி மாதிரியிலிருந்து தெர்மாகோல் உருவம்

ஐந்தடி நீளமுள்ள குதிரை வாகனம் ஒன்றை உள்ளே குடையாமல் முழு மரமாகக் கணக்கிட்டால் ஏறக்குறைய 0.15 கன மீட்டர் வரும். வேங்கை கன மீட்டருக்குச் சுமார் 800 கிலோ. ஆக 120 கிலோ மரம். அதே குதிரையை 15 கிலோ அடர்த்தித் தெர்மாகோலில் எழுப்பினால் இரண்டேகால் கிலோதான். கழுத்து குட்டை, முன்னங்கால் அளவுக்கு மேல் தூக்கிவிட்டது, பின்பக்கம் கனத்துவிட்டது என்று கோயில் தரப்பு சொல்லப்போகிற குறைகளையெல்லாம் அந்த இரண்டேகால் கிலோவிலேயே சொல்லவைத்துத் திருத்திவிட்டு மரத்தில் உளி வைக்கலாம். இந்த அத்தியாயம் அதற்காக.

கள்ளக்குறிச்சி, சின்னசேலம், திருக்கோவிலூர் வட்டாரத்து மரச்சிற்பத்துக்கு 2021-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. வேங்கை, மா, வேம்பு, ஈட்டி என்று இங்கே கையாளும் மரம் எதுவும் மலிவில்லை. கணினியும் தெர்மாகோலும் உளிக்குப் போட்டியா என்று கேட்பவர்கள் உண்டு. போட்டியில்லை. தவறு செய்ய மலிவான ஓர் இடம், அவ்வளவே.

உருவத்தைத் தட்டையான துண்டுகளாக்கி அடுக்கும் யோசனையும் கணினியோடு பிறந்ததல்ல. 1860-ல் பாரிஸில் பிரான்சுவா வில்லெம் என்பவர் ஆளை நடுவில் நிறுத்தி, சுற்றிலும் 24 கேமராவில் ஒரே நேரத்தில் படமெடுத்து, ஒவ்வொரு படத்தின் வெளிக்கோட்டையும் துண்டாக வெட்டிச் சேர்த்துச் சிலை செய்தார். 1892-ல் அமெரிக்காவில் பிளாந்தர் என்பவர், நிலப்படத்தின் சமஉயரக் கோடுகளை மெழுகுத் தகடுகளில் வெட்டி அடுக்கி மலை மாதிரி செய்யும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். நாமும் பிளாந்தர் வழியிலேயே தொடங்குவோம். கையருகில் கல்வராயன் மலை இருக்கிறது. குதிரையைவிட மலை எளிது. கீழிருந்து மேலே ஒரே திசையில் அடுக்கினால் போதும், அடியில் குடைந்து போகும் இடம் கிடையாது, மூக்கு கோணிவிட்டது என்று யாரும் சொல்லப்போவதும் இல்லை.

பழகுவதற்கு மலை

மலையின் உயரத் தரவு இலவசமாகக் கிடைக்கிறது. 2000-ஆம் ஆண்டு பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் ரேடார் மூலம் எடுத்த எஸ்.ஆர்.டி.எம். தரவு, 30 மீட்டருக்கு ஒரு புள்ளி. இஸ்ரோவின் புவன் தளத்தில் கார்ட்டோசாட் தரவும் உண்டு. எதை எடுத்தாலும் அடர்ந்த காட்டில் அது மரத்தின் தலையையே தரை என்று எண்ணி அளந்திருக்கும் என்பதை நினைவில் வையுங்கள். மாதிரி செய்ய அது பொருட்டில்லை.

கியூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருளில் தரவைத் திறந்து, வெள்ளிமலையும் கச்சிராயபாளையம் பக்கத்துக் கோமுகி அணையும் உள்ளே விழும்படி 20 கிலோமீட்டர் சதுரம் ஒன்றை வெட்டிக்கொள்ளுங்கள். வெட்டுமுன் யுடிஎம் 44 வடக்கு என்ற அளவு முறைக்கு மாற்ற வேண்டும். அட்சரேகை தீர்க்கரேகையிலேயே விட்டுவிட்டால் நம் பகுதியில் கிழக்கு மேற்காக 2 சதவீதம் இழுத்துவிடும். கண்ணுக்குத் தெரியாது. டேப் வைத்தால்தான் தெரியும்.

பிறகு 100 மீட்டர் இடைவெளியில் சமஉயரக் கோடு எடுங்கள். 1:20,000 அளவில் இந்தச் சதுரம் ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர். தெர்மாகோல் ஷீட் வழக்கமாக ஒரு மீட்டருக்கு அரை மீட்டர் வருவதால் அடுக்குக்கு இரண்டு ஷீட். ஷீட்டின் கனம் 12 மில்லிமீட்டர். ஆனால் இந்த அளவில் 100 மீட்டர் உயரம் 5 மில்லிமீட்டர்தான் வர வேண்டும். அதாவது உயரம் 2.4 மடங்கு கூடிவிடுகிறது. கூடட்டும். உண்மை விகிதத்தில் செய்தால் ஊரிலிருந்து நிமிர்ந்து பார்க்கிற மலை, மேசைமேல் ஐந்து சென்டிமீட்டர் மேடாகப் படுத்துவிடும். அடிவாரத்தில் 200 மீட்டர் கோட்டில் தொடங்கினால், பெரிய கல்வராயன் பக்கம் 4,000 அடியை, அதாவது 1,200 மீட்டரை, எட்ட 10 அடுக்கு.

தரவில் 30 மீட்டர் என்பது மாதிரியில் ஒன்றரை மில்லிமீட்டர். சூடு கம்பி அறுக்கும்போது உருக்கி எடுக்கும் அகலமும் ஏறக்குறைய அதேதான். அதற்கு மேல் நுணுக்கம் தேடி இரவெல்லாம் கணினி முன் உட்காருவதில் பயனில்லை.

இந்த மலையை அறுக்கும்போது ஒன்று கவனிப்பீர்கள். ஓரங்களில் கோடுகள் நெருங்கி ஒன்றையொன்று இடித்துக்கொண்டு ஓடும்; மேலே ஏறிவிட்டால் விரிந்து பரவும். சரிவு செங்குத்து, தலை அகலம் என்ற மலையின் குணம் அது. மேல் அடுக்குகளில் கோடு ஒரே துண்டாக நிற்காது, தனித்தனிக் குன்றுகளாகப் பிரிந்துவிடும். 8அ, 8ஆ, 8இ என்று எண் போட்டு, எங்கே உட்கார வேண்டும் என்பதைக் கீழ் அடுக்கின் முகத்திலேயே ஸ்கெட்ச் பேனாவால் வரைந்துவிடுங்கள். இந்தப் பழக்கம் குதிரையில் பெரிதும் கைகொடுக்கும். மூடிய கோடு எல்லாமே மேடு அல்ல, குழியும் இருக்கலாம். அறுக்குமுன் கோட்டின் எண்ணைப் பார்த்துவிடுவது நல்லது.

ஷீட், கம்பி, பசை

தெர்மாகோலில் நூற்றுக்கு 98 பங்கு காற்று. மீதி இரண்டு பங்கின் தரத்தை அடர்த்தியால் சொல்வார்கள். இந்தியத் தரநிலை ஐ.எஸ். 4671, கன மீட்டருக்கு 15, 20, 25, 30, 35 கிலோ என்று வகுத்திருக்கிறது. டிவி பெட்டிக்குள் வருகிற பொதி தெர்மாகோலில் மணி பெரிது. கத்தி பட்டால் உதிரும். செதுக்குவதற்கு 15-க்குக் கீழே இறங்க வேண்டாம். முகம், காது, குளம்பு போன்ற இடங்களுக்கு 20 அல்லது 25. முழுக் குதிரைக்கும் 30 வாங்குவது வீண்.

கடையில் ‘இரண்டு இன்ச்’ என்று தருவது பெரும்பாலும் முழு இரண்டு இன்ச் இருக்காது. பத்து ஷீட்டை அடுக்கி மொத்த உயரத்தை அளந்து பத்தால் வகுத்துக்கொள்ளுங்கள். 48 மில்லிமீட்டர் என்று வந்தால் கணினியிலும் 48 என்றே போட வேண்டும். 50 என்று போட்டால் ஒன்பது அடுக்கில் 18 மில்லிமீட்டர் குறைந்து, குதிரை ஒல்லியாகிவிடும்.

அறுக்க நிக்ரோம் கம்பி. 0.4 மில்லிமீட்டர் கனத்தில் 60 சென்டிமீட்டர் நீளம் எடுத்தால் மின்தடை ஏறக்குறைய 5 ஓம். 12 வோல்ட் கொடுத்தால் இரண்டேகால் ஆம்பியர் ஓடும், 28 வாட் சூடு. 12 வோல்ட் 5 ஆம்பியர் சப்ளை ஒன்றும், சூட்டைக் கூட்டிக் குறைக்க ஒரு ரெகுலேட்டரும் போதும். வீட்டு மின்சாரத்தில் நேராகக் கொடுக்கிற வேலையே வேண்டாம். கம்பியைத் தொட்டால் உயிர் போகும். சூடானால் கம்பி நீளும், தொய்ந்தால் வெட்டு வளையும். ஒரு முனையில் ஸ்பிரிங் போட்டு இழுத்து நிறுத்துங்கள். கம்பி சிவக்கக் கூடாது. புகை கிளம்பினால் சூடு அதிகம், தள்ள வேண்டியிருந்தால் குறைவு. வழியில் நின்றுவிட்டால் அந்த இடத்தில் குழி விழும். எனவே திரும்பும் இடங்களில் நிற்காமல் மெதுவாகச் சுழலப் பழக வேண்டும். மலைதான் அதற்குப் பள்ளிக்கூடம்.

கையில் பிடிக்கும் வில் போன்ற கம்பியால் கனமான ஷீட்டை நேராக அறுக்க முடியாது. கை சாயும்; மேல் கோடு ஓரிடம், கீழ் கோடு ஓரிடம் போகும். கம்பியை மேசையில் செங்குத்தாக நிறுத்தி, மூலைமட்டம் வைத்துச் சரிபார்த்து, ஷீட்டைத்தான் நகர்த்த வேண்டும். சன்னல் கதவெல்லாம் திறந்திருக்கட்டும். அந்தப் புகையில் ஸ்டைரீன் உண்டு. பக்கத்தில் தின்னர், பெட்ரோல், பீடி எதுவும் வேண்டாம். தெர்மாகோல் நன்றாக எரியும். மஞ்சள் நிறத்தில் வரும் பி.யு. ஃபோமைச் சூடு கம்பியில் ஒருபோதும் அறுக்காதீர்கள். அதன் புகை வேறு சாதி, நஞ்சு. அதற்குக் கத்திதான்.

பசையில் ஒரே விதி: மூக்கைத் துளைக்கிற வாசனை இருந்தால் தெர்மாகோலைத் தின்னும். ரப்பர் சொல்யூஷன் வகைப் பசைகள், ஸ்ப்ரே பெயின்ட், அசிட்டோன் எல்லாம் இந்தக் கணக்கில் சேரும். மரத்துக்குப் போடும் வெள்ளை ஃபெவிகால் சேராது. ஆனால் அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. அதை ஒட்டும் இடத்தில் சொல்கிறேன்.

குதிரையைக் கணினிக்குள் கொண்டுபோவது

இணையத்தில் குதிரை மாதிரிகள் ஏராளம். இறக்கிப் பார்த்தால் தசைநார் ஒவ்வொன்றும் எண்ணி வைத்த மாதிரி இருக்கும். வாகனத்துக்கு ஆகாது. கோயில் குதிரையின் கழுத்து வில்லாக வளைய வேண்டும், கண் பிதுங்க வேண்டும், மார்பு முன்தள்ளி நிற்க வேண்டும். பந்தயக் குதிரையைக் கொண்டுபோய் உற்சவரை ஏற்றினால் ஊர் சிரிக்கும். உருவத்தைத் தாள அளவில் பகுத்து வரைகிற ஸ்தபதிக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. எந்தக் குதிரையையும் ஒரே கண்ணால் பார்க்கும் கணினிக்காரருக்குத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

அதனால் ஒரு அடி உயரத்தில் களிமண் மாதிரியை ஸ்தபதியே பிடிப்பது நல்லது. நகை, சேணம், மணி எதுவும் வேண்டாம், உடல் மட்டும். காய்ந்த பின் மேகமூட்டமான நாளில் திண்ணையில் வைத்து, சுற்றி வந்து மூன்று உயரங்களில் நூறு படம் போல எடுங்கள். வெயில் நேராக விழுந்தால் நிழலும் உருவமாகப் பதிந்துவிடும். குதிரை நிற்க, நீங்கள்தான் சுற்ற வேண்டும். சுழல் பலகையில் வைத்துத் திருப்பினால் பின்னால் இருக்கும் சுவர் நகராததைக் கண்டு மென்பொருள் குழம்பும். அடியில் பழைய செய்தித்தாளை விரியுங்கள், எழுத்துகள் அதற்கு அடையாளப் புள்ளிகளாக உதவும். பக்கத்தில் ஒரு ஸ்டீல் ஸ்கேல் கட்டாயம். படங்களிலிருந்து உருவத்தைக் கட்டும் மென்பொருளுக்கு வடிவம் தெரியும், அளவு தெரியாது. ஸ்கேலில் உள்ள 30 சென்டிமீட்டரைக் காட்டிக் கொடுத்தால்தான் மற்ற அளவெல்லாம் நேராகும்.

மெஷ்ரூம் என்ற இலவச மென்பொருள் இதைச் செய்யும், நல்ல கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால். இல்லாதவர்களுக்கு ஃபோன் செயலிகள் இருக்கின்றன. கிடைத்த உருவத்தைப் பிளெண்டர் மென்பொருளில் திறந்து, வயிற்றுக்கடியிலும் காதுக்குள்ளும் இருக்கும் ஓட்டைகளை அடைத்து, ஐந்தடிக்குப் பெரிதாக்குங்கள். ஓட்டை இருந்தால் துண்டு போடும்போது கோடு மூடாது.

மேல்பூச்சு போட்டு அப்படியே நிறுத்தப்போகும் உருவம் என்றால், பூச்சின் கனத்தை இப்போதே உள்ளே சுருக்கிவிட வேண்டும். துணியும் பட்டியும் சேர்ந்து ஐந்து மில்லிமீட்டர் என்றால் உடல் முழுதும் ஐந்து மில்லிமீட்டர். மெல்லிய காதுக்கும் காலுக்கும் இது பெரிய வித்தியாசம். மரத்துக்கு வழிகாட்டியாக மட்டும் நிற்கப்போகிறது என்றால் சுருக்க வேண்டாம்.

எந்தப் பக்கமாக அறுப்பது

இந்த அத்தியாயத்தில் நிதானமாக யோசிக்க வேண்டிய இடம் இது.

மலையைப் போலக் குதிரையையும் படுக்கை வசமாக அறுத்தால் நான்கடி உயரத்துக்கு 24 அடுக்கு. மூக்கிலிருந்து வால் வரை குறுக்கே ரொட்டி போல அறுத்தால் 30. பக்கவாட்டாக, முதுகெலும்புக்கு இணையாக அறுத்தால் உடல் அகலம் 45 சென்டிமீட்டர்தான், இரண்டு இன்ச் ஷீட்டில் 9 அடுக்கில் முடிந்துவிடும். உருவம் எந்தத் திசையில் ஒல்லியோ அந்தத் திசையில் அடுக்க வேண்டும். குதிரையின் உடம்பு இரு பக்கமும் ஒன்றே என்பதால், நடு அடுக்கு ஒன்று, அதன் இருபுறமும் நான்கு நான்கு. ஐந்து பேட்டர்ன் வரைந்தால் ஒன்பது அடுக்கும் கிடைத்துவிடும். நடு அடுக்கின் வெளிக்கோடு, ஸ்தபதி சுவரில் கரியால் போடும் பக்கத் தோற்றமேதான். கணினியில் வந்ததைக் கண்ணால் சரிபார்க்க இதைவிட நல்ல வழியில்லை. தலை ஒரு பக்கம் திரும்பியிருந்தால் கழுத்தோடு தலையை மட்டும் பிரித்துத் தனியாக அடுக்குங்கள்.

இன்னொரு காரணம் மரம். ஒரே கட்டையில் இவ்வளவு பெரிய உருவம் கிடைப்பது இப்போது அரிது, பலகைகளை ஒட்டித்தான் உடல் எழும்புகிறது. அடுக்கின் கனமும் பலகையின் கனமும் ஒன்றாக இருந்தால் தெர்மாகோலுக்குப் போட்ட அதே பேட்டர்ன் நாளை மரத்துக்கும் ஆகும். டிம்பர் டெப்போவில் இரண்டு இன்ச் என்று வாங்கும் பலகை, இழைத்து முடித்தால் ஒன்றேமுக்கால் ஆகிவிடும். ஆகவே மரத்தை இரண்டேகால் இன்ச்சில் அறுத்து வாங்கி இரண்டுக்கு இழையுங்கள், அல்லது கணினியில் ஒன்றேமுக்கால் என்று துண்டு போட்டுத் தெர்மாகோலைச் சூடு கம்பியில் அந்தக் கனத்துக்கு வகிர்ந்துகொள்ளுங்கள்.

ஆனால் தெர்மாகோலுக்கு நார் ஓட்டம் கிடையாது, மரத்துக்கு உண்டு. உடம்பின் பலகையிலேயே தூக்கிய முன்னங்காலையும் சேர்த்து வெட்டினால் நார் காலுக்குக் குறுக்கே ஓடும். வாகனம் தெருவில் வரும்போது எங்கேயாவது முட்டினால் முழங்காலில் முறியும். கால், கழுத்து, வால், காது எல்லாம் நார் நீளவாக்கில் ஓடும்படி தனிக் கட்டையில் வந்து, துளையில் முளை இறக்கிச் சேர வேண்டியவை. தெர்மாகோலிலும் அவற்றைத் தனியாகவே செய்துவிடுங்கள். மூட்டு எங்கே விழுகிறது, சேணப்பட்டையில் மறையுமா மறையாதா என்பதெல்லாம் இப்போதே தெரிந்துவிடும்.

பேட்டர்ன் எடுப்பது

ஃப்ரீகேட் மென்பொருளில் கிராஸ் செக்‌ஷன்ஸ் என்ற கட்டளை, கொடுத்த இடைவெளியில் உருவத்தை வெட்டிக் கோடுகளாகத் தரும். ஒவ்வொரு ஷீட்டுக்கும் இரண்டு முகம் உண்டு. உள்முகத்தில் உருவத்தின் வெட்டு ஓர் அளவு, வெளிமுகத்தில் வேறு அளவு. உள்முகக் கோட்டைச் சிவப்பிலும் வெளிமுகக் கோட்டை நீலத்திலும் ஒரே பேட்டர்னில் போடுங்கள். இரண்டில் எது வெளியே போகிறதோ அதன்படி அறுக்க வேண்டும். வயிற்றில் சிவப்பு வெளியே இருக்கும். இடுப்பும் காலும் பிரியும் இடத்தில் நீலம் முந்தும். அறுத்த பின் அந்தந்தக் கோட்டை அந்தந்த முகத்தில் பேனாவால் வரைந்துவிடுங்கள். நடுவாக ஒரே ஒரு கோடு போட்டு அறுப்பவர்கள் உண்டு. வேலை சுருக்கம்தான். ஆனால் பாதி இடத்தில் பொருள் கூடி, பாதி இடத்தில் குறைந்துவிடும். கூடியதைச் செதுக்கலாம், குறைந்ததை என்ன செய்வது?

பேனா தண்ணீரில் கரையும் ஸ்கெட்ச் பேனாவாக இருக்கட்டும். பெர்மனன்ட் மார்க்கரின் மை தெர்மாகோலை லேசாகக் கரைக்கும், பிறகு வெள்ளைப் பூச்சுக்கு மேலேயும் தலைகாட்டும்.

அச்சடிக்க ஏ4 தாள்களை ஒட்டுவதைவிட ஊரில் இருக்கும் ஃப்ளெக்ஸ் கடை மேல். பத்தடி அகலத்தில் ஒரே துண்டாகக் கிடைத்துவிடும். ‘அளவை மாத்தாம அப்படியே போடுங்க தம்பி’ என்று சொல்லிவிட்டு, கோப்பிலேயே நீளத்துக்கு ஒன்றும் அகலத்துக்கு ஒன்றுமாக ஒரு மீட்டர் கோடு போட்டுக் கொடுங்கள். அச்சான பின் டேப் வைத்துப் பாருங்கள். ஃப்ளெக்ஸ் உருளையில் இழுபட்டு நீளவாக்கில் கொஞ்சம் நீளக்கூடும். நீண்டிருந்தால் எவ்வளவு என்று கண்டு கோப்பைத் திருத்தி மறுபடி அடிக்க வேண்டியதுதான். ஒவ்வொரு பேட்டர்னிலும் அடுக்கு எண், இடமா வலமா, மேல் எது என்ற அம்புக்குறி, எல்லா அடுக்கிலும் ஒரே இடத்தில் விழும் இரண்டு துளை. இத்தனையும் இங்க்ஸ்கேப் மென்பொருளில் சேர்த்துவிடலாம்.

ஷீட் ஒரு மீட்டர்தான், குதிரை ஒன்றரை மீட்டர். இரண்டு மூன்று ஷீட் சேர்த்துத்தான் ஓர் அடுக்கு. ஒரு அடுக்கின் மூட்டுக்கு நேராக அடுத்த அடுக்கின் மூட்டு வராமல் தள்ளிப் போடுங்கள்.

ஒட்டுவதும் செதுக்குவதும்

இரண்டு தெர்மாகோலுக்கு நடுவில் ஃபெவிகாலை முழுக்கத் தடவினால் ஓரம் மட்டும் காய்ந்து உள்ளே நாள் கணக்கில் ஈரமாகவே இருக்கும். ஈரம் வெளியேற வழியில்லை. ஐப்பசி கார்த்திகை மழையில் கேட்கவே வேண்டாம். ரூபாய் நாணயம் அளவுக்குப் பொட்டுப் பொட்டாக வைத்து, துளைகளில் மூங்கில் குச்சி இறக்கி, மேலே பலகையும் செங்கலும் ஏற்றி விட்டுவிடுங்கள். அவசரம் என்றால் டின்னில் வரும் பி.யு. ஃபோமை மெல்லிசாக இழுத்து ஒட்டலாம். அது பொங்கி அடுக்குகளைத் தூக்கும் என்பதால் பாரம் இன்னும் அதிகம் வேண்டும்.

எந்தப் பசையானாலும் ஓரத்திலிருந்து இரண்டு இன்ச் உள்ளே தள்ளியே வையுங்கள். காய்ந்த ஃபெவிகாலில் சூடு கம்பி நிற்கும், கத்தி தாவும், உப்புத்தாள் பசையைத் தொடாமல் இருபுறத் தெர்மாகோலை மட்டும் தின்றுவிட்டு நடுவில் ஒரு வரப்பை விட்டுப்போகும். அந்த வரப்பு பூச்சுக்குப் பிறகும் தெரியும். மூங்கில் குச்சியும் அப்படித்தான், தோலுக்கு அருகில் முனை வரக் கூடாது. தூக்கிய காலுக்குள் குச்சி போதாது, முக்கால் இன்ச் சதுர இரும்புக் குழாயை நடு அடுக்கிலிருந்து இறக்குங்கள்.

ஒன்பது அடுக்கும் சேர்ந்தவுடன் படிப்படியாக ஒரு குதிரை நிற்கும். படியின் உள்மூலை, அதாவது ஒரு ஷீட் முடிந்து அடுத்த ஷீட்டின் முகம் தொடங்கும் அந்தக் கோடு, சரியான மேற்பரப்பிலேயே இருக்கிறது. வெளிமூலைகள்தான் உபரி. உள்மூலையைத் தொடாமல் வெளிமூலைகளை மட்டும் சீவிக்கொண்டே வந்தால் படி மறைகிற நேரத்தில் குதிரை கிடைத்துவிடும். வரைந்து வைத்த பேனாக் கோடு மங்கலாகத் தெரிந்தால் சரி. முழுக்க மறைந்துவிட்டால் கத்தி அளவைத் தாண்டிவிட்டது.

முதலில் நீளக் கட்டர் கத்தி. அழுத்தாமல் இழுத்து அறுக்க வேண்டும். முனை மழுங்கினால் மணிகள் பிய்ந்து வரும், அப்போதே மழுங்கிய துண்டை உடைத்துவிட்டு அடுத்ததைத் தள்ளிக்கொள்ளுங்கள். பிறகு அரம், அதன் பின் பலகைத் துண்டில் ஒட்டிய 60, 80 எண் உப்புத்தாள். விரலால் தாளைப் பிடித்துத் தேய்த்தால் விரல் போன வழியெல்லாம் பள்ளம் விழும். ஆடிக் காற்றில் வெளியே உட்கார்ந்து தேய்க்காதீர்கள். பக்கத்துத் தெருவிலிருந்து ஆள் வருவார்.

எங்கே நிறுத்துவது என்பதைக் கண் மட்டும் சொல்லாது. கணினியில் குறுக்கு வெட்டாக மூன்று இடம் எடுங்கள்: மார்பு, வயிறு, பின்தொடை. அவற்றின் வெளிப்பக்கத்தை அட்டையில் வெட்டி உடம்பின்மேல் வைத்துப் பார்த்தால் எங்கே மேடு, எங்கே பள்ளம் என்று வெளிச்சம் நுழையும் இடம் காட்டிவிடும். மூன்று போதும். பத்து அட்டை வெட்டி ஒவ்வொன்றோடும் மல்லுக்கட்டினால் வடிவம் செத்துவிடும். கடைசியில் விளக்கை அணைத்து டார்ச்சை உடம்போடு ஒட்டிப் பிடித்துப் பாருங்கள். பகலில் ஒளிந்திருந்த மேடெல்லாம் நிழல் போட்டு நிற்கும்.

இனிக் கோயில் தரப்பைக் கூப்பிடலாம். 

‘ஸ்தபதி, மூஞ்சி தரையைப் பாக்குற மாதிரி இருக்கே?’

‘இருங்க தர்மகர்த்தா, தூக்கிக் காட்டுறேன்.’

கழுத்தின் நடுவில், பசையும் குச்சியும் இல்லாத இடமாகப் பார்த்துச் சூடு கம்பியை ஒருமுறை ஓட்டி, தொண்டைப் பக்கம் ஒரு இன்ச் ஆப்பைச் சொருகினால் தலை நிமிர்ந்துவிடும். போதாது என்றால் இன்னொரு ஆப்பு. மரத்தில் இந்த உரையாடலுக்கே இடமில்லை. முடிவானவுடன் எத்தனை இன்ச் ஆப்பு என்பதை எழுதிவைத்து, கணினி உருவத்திலும் கழுத்தை அதே அளவு நிமிர்த்திக் கழுத்துப் பேட்டர்னை மட்டும் மறுபடி எடுங்கள். கோப்பில் பழைய குதிரை, பட்டறையில் புதுக் குதிரை என்று இருந்துவிட்டால் பலகை அறுக்கிற நாளில்தான் அகப்படும்.

தெர்மாகோலையே நிறுத்துவதானால்

விழா முகப்பு, பள்ளிக் கண்காட்சி, மேடை அலங்காரம் இவற்றுக்குத் தெர்மாகோல் உருவமே போதும். மைதாப் பசையில் இரண்டு சுற்று செய்தித்தாள், அதன்மேல் தண்ணீர் கலந்த ஃபெவிகாலில் நனைத்த காடாத் துணி, பிறகு பட்டி, எமல்ஷன். பசையில் கொஞ்சம் மயில்துத்தம் கலந்தால் பூச்சி அண்டாது; துத்தம் விஷம் என்பதால் குழந்தைகள் கைபடாமல் வையுங்கள். காகிதக்கூழ் பொம்மை செய்து பழகிய விழுப்புரம் பக்கத்துக் கைகளுக்கு இது புதிதல்ல.

ஃபைபர் போட வேண்டும் என்றால் எச்சரிக்கை. சிலைக் கடைகளில் புழங்கும் பாலியெஸ்டர் ரெசினில் ஸ்டைரீன் இருக்கிறது. நேராகத் தடவினால் குதிரை கண்ணெதிரே உருகி உள்வாங்கும். எபாக்ஸி அப்படிச் செய்யாது, விலைதான் கூட. பாலியெஸ்டர்தான் கட்டுப்படி என்றால் துணியும் பட்டியும் போட்டு ஊசி முனை இடைவெளி கூட இல்லாமல் மூடிய பிறகே கை வையுங்கள்.

நீரில் கரைக்கும் விநாயகருக்கு இந்த முறை கிடையாது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 2020-ஆம் ஆண்டு வழிகாட்டுதல், கரைக்கும் சிலைகளில் தெர்மாகோலையும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸையும் தடுக்கிறது. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தெர்மாகோல் கப், தட்டுக்குத் தடை இருப்பதும் தெரிந்ததே. சீவிய தூளைக் கொளுத்தாமல், ஏரிப்பக்கம் கொட்டாமல் சாக்கில் கட்டி வைத்தால் அடுத்த உருவத்துக்குப் பீடம் நிரப்ப ஆகும்.

மரத்துக்குப் போகும்போது

தெர்மாகோல் குதிரையைப் பட்டறையில் உளி எட்டும் தூரத்தில் நிறுத்துங்கள். ஐந்து பேட்டர்னையும் பலகையில் வைத்து, கோட்டுக்கு வெளியே கால் இன்ச் விட்டு அறுங்கள். தெர்மாகோலில் கோட்டோடு நின்றோம். மரத்தில் உளிக்குப் பிறகு இழைப்பும் தேய்ப்பும் இருக்கிறது. ஒட்டி முடித்த கட்டையில் கவராயத்தால் தெர்மாகோலிலிருந்து அளவெடுத்து மாற்றலாம்: நடுக்கோட்டிலிருந்து விலா எவ்வளவு, கண் எவ்வளவு, நெற்றிக்கும் மூக்குக்கும் இடை எவ்வளவு. நகை, சேணம், பிடரியின் சுருள் எல்லாம் கணினியில் இல்லை, தெர்மாகோலிலும் இல்லை. அவை மரத்தில்தான் பிறக்க வேண்டும். கோப்பிலேயே அவற்றையும் போட்டு வைத்தால் ஊருக்கு ஊர் ஒரே குதிரை நிற்கும்.

வேலை முடிந்ததும் பேட்டர்ன்களைச் சுருட்டி, மர வகை, இழைத்த பலகையின் கனம், ஆப்பு அளவு மூன்றையும் வெளியே எழுதிக் கட்டிவையுங்கள். இதே குதிரையை இன்னோர் ஊர் ஆறேகால் அடியில் கேட்டால் பழைய பேட்டர்னைப் பெரிதாக அச்சடித்துத் தப்பிக்கலாம் என்று தோன்றும். முடியாது. ஐந்தடியிலிருந்து ஆறேகாலுக்குப் போனால் எல்லாம் ஒன்றேகால் மடங்கு. இரண்டு இன்ச் அடுக்கு இரண்டரை இன்ச் ஆக வேண்டும். அந்தக் கனத்தில் மரமும் ஷீட்டும் கிடைத்தால் சரி. கிடைக்காவிட்டால் உடல் அகலம் 56 சென்டிமீட்டரை மறுபடி இரண்டு இன்ச்சாகப் பகுக்க வேண்டும், 11 அடுக்கு வரும். ஐந்து பேட்டர்னுக்குப் பதில் ஆறு, அதுவும் புதிய இடங்களில் வெட்டியவை. எனவே பேட்டர்னோடு கணினிக் கோப்பையும், கழுத்து நிமிர்த்திய பதிப்பைத்தான், இரண்டு பென் டிரைவில் வைத்துக்கொள்ளுங்கள்.